பத்திரமா வைச்சிருக்கான் வெள்ளைக்காரன்

பொட்டியைக் கொஞ்சம் மூடி வை மகன். முப்பது கிலோவுக்கு மேல ஏத்தமாட்டாங்கள் எண்டு நீதான் சொன்னாய். உன்ட உம்மா இடியப்ப மாவையும் மாசியையும் அமுக்கி அமுக்கி வைக்கிறாள், சீமையில பஞ்சம் எண்டு அவளுக்கு மட்டும் யாரோ தந்தி அடிச்ச மாதிரி. அந்தத் தயிர்ச் சட்டியை வெளியில எடு. கிண்ணியாத் தயிர் நல்ல தயிர்தான். கட்டுநாயக்காவில நிக்கிறவனுக்கும் அது தெரியும். பறிச்சு வைச்சிட்டு உன்னை மட்டும் பிளேன்ல ஏத்துவான்.

வா, இந்த வாங்கில இரு. தேத்தண்ணி ஆறுது. மூத்தாப்பா நாலு புத்தி சொல்றன். காசு கேக்கமாட்டன். காசு கேக்காததாலதான் இந்தக் குறிஞ்சாக்கேணியில என்ட புத்தியை ஒருத்தரும் எடுக்கிறதில்ல, அதுவும் எனக்குத் தெரியும்.

நான் சீமையைக் கண்டதில்ல. ஆனா சீமை என்னைக் கண்டிருக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போடக்குள்ள நான் உம்மாட வயித்துக்குள்ள. சத்தத்துக்குப் பயந்துதான் வெளியில வரச் சுணங்கினன் எண்டு உம்மா சொல்லுவா. என்ட வாப்பா வெள்ளைக்காரன்ட டொக்யாட்டில கூலி. 1957ல அவங்கள் தளத்தைக் கையளிச்சிட்டுக் கப்பலேறக்குள்ள எனக்குப் பதினைஞ்சு வயசு. இத்தனை வருசத்து வேலைக்கு வாப்பாட கையில மிஞ்சினது ஒரு பித்தளைப் பொத்தானும் ‘குட் மோர்னிங்’ எண்ட சொல்லும். பொத்தான் துலைஞ்சிட்டு. சொல்லை மவுத்தாகும் வரைக்கும் பத்திரமா வைச்சிருந்தார், பின்னேரத்திலயும் அதைத்தான் சொன்னார்.

பத்திரம். இந்தச் சொல்லை நினைவில வை. நான் சொல்லப்போறது முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு.

நீ படிக்கப் போற ஊர் மிடில்ஸ்பரோ எண்டாய். நேத்து ராவு உன்ட தங்கச்சி போன்ல அந்த ஊர்ப் படத்தை விரிச்சுக் காட்டினாள். பக்கத்தில ஹார்ட்டில்பூல் எண்டு ஒரு துறைமுகம். அங்க தண்ணியில மூண்டு பாய்மரத்தோட ஒரு கப்பல் நிக்குது. அதுட பேர் என்ன தெரியுமா? திருகோணமலை. ஓம், பகிடி இல்ல. ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’. எங்கட வீட்டு வாசலில இருந்து திருகோணமலைக்குப் போறதெண்டா நீ பஸ்ஸுக்குக் காத்து நிக்கணும். அங்க நீ ரயிலால இறங்கினா திருகோணமலை கட்டிப்போட்ட மாடு மாதிரி உனக்காக நிக்கும்.

அந்தக் கப்பல்ட கதையைக் கேளு. 1782ல வெள்ளைக்காரன் ஜனவரி மாசம் எங்கட கோட்டையை ஒல்லாந்தனிட்ட இருந்து பறிச்சான். ஓகஸ்ட் முடிய முந்தி அதைப் பிரெஞ்சுக்காரனிட்டப் பறிகுடுத்தான். செப்டம்பர் 3ஆம் திகதி கடலில ரெண்டு பேரும் முட்டிக்கொண்டாங்கள். ஆருக்கும் வெற்றி இல்ல, கோட்டை பிரெஞ்சுக்காரன்ட கையில. நாங்களெண்டா அந்த வருசத்தையே பஞ்சாங்கத்தில இருந்து கிழிச்சிருப்பம். வெள்ளைக்காரன் அந்தச் சண்டைட பேரைக் கப்பலுக்கு வைச்சான். காணிவழக்கில தோத்தவன் வழக்கு நம்பரைப் பிள்ளைக்குப் பேரா வைச்ச கணக்கு.

கட்டினது எங்க? சீமையில இல்ல. நெப்போலியனோட சண்டை பிடிச்சே அங்க ஓக் மரமெல்லாம் முடிஞ்சு போச்சு. அதால 1817ல பம்பாயில, வாடியா குடும்பத்துப் பார்சி மேத்திரிமார், மலபார்த் தேக்கில கட்டினாங்கள். கப்பல்ட அடிமரமான ஏராவுக்கு வெள்ளி ஆணி அடிச்சுத் தொடங்கினாங்களாம். மரம் மலபார், கை பம்பாய், பேர் திருகோணமலை. இதில இங்கிலீசு எது எண்டு கேட்டா, கொடி. கொடியைக் கட்டினவனுக்குத்தானே கப்பல்.

ஆனா மகன், இந்த இடத்தில நான் நக்கலை நிப்பாட்டி ஒரு உண்மையைச் சொல்லணும். 1986 வரைக்கும் வேற பேரில பிள்ளைகளுக்குக் கடல் வேலை பழக்கிக்கொண்டு இருந்த அந்தக் கிழட்டுக் கப்பலை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு போய், 1990ல தொடங்கி 2001 வரைக்கும் பத்து வருசத்துக்கு மேல மெனக்கெட்டுத் திருத்தினாங்கள். கப்பல் கட்டுற தொழில் படுத்துப்போன ஊர் அது. படுத்துப்போன ஊர் ஒண்டு இருநூறு வருசத்துத் தேக்குப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்து எழுப்பி நிப்பாட்டியிருக்கு. இண்டைக்கும் தண்ணியில மிதக்கிற இங்கிலீசுப் போர்க்கப்பலுகளுக்குள்ள ஆக மூத்தது அதுதான். இதை மனசில ஒரு பக்கம் வைச்சிரு, கடைசியில கேப்பன்.

அந்த ஊர் ஆக்களோட பழகேக்க ஒரு விசயம் கவனம். குரங்குப் பகிடி மட்டும் விடாத. நெப்போலியன் காலத்தில ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைஞ்சு அதில இருந்த குரங்கு மட்டும் கரையேறிச்சாம். ஹார்ட்டில்பூல் சனம் பிரெஞ்சுக்காரனைக் கண்டதில்ல. இதுதான் பிரெஞ்சுக்காரன், உளவு பார்க்க வந்திருக்கான் எண்டு விசாரிச்சு, கேட்டதுக்கு அது பதில் சொல்லல்ல எண்டு தூக்கில போட்டாங்களாம். கதைதான், நடந்ததோ இல்லையோ. ஆனா அதில ஒரு விளையாட்டு இருக்கு. 2002ல அந்த ஊர்ப் பந்து விளையாட்டுக் கழகத்துக்காகக் குரங்கு வேசம் போட்டு ஆடுறவன், ஸ்டுவர்ட் டிரமண்ட் எண்டு பேர், மேயர் தேர்தலில நிண்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமா வாழைப்பழம் தாறன் எண்டு கேட்டான். வெண்டான். அதோட விட்டதா? 2005லயும் வெண்டான், 2009லயும் வெண்டான்.

நீ சிரிக்கிறாய். நான் யோசிக்கிறன். எங்கட பக்கத்தில வாக்கு எடுத்த பிறகுதான் வேசம் தெரியவரும். அந்த மனிசன் வேசத்தை முதலே போட்டுக்கொண்டு வந்து, வெண்ட பிறகு கழட்டி வைச்சிட்டு வேலை பார்த்தான். எது நேர்மை எண்டு நீயே சொல்லு. இந்தக் கதையைக் கோணேசர் கோயில் றோட்டுக் குரங்குகளுக்குச் சொல்லிடாத. அடுத்த பிரதேச சபைக்கு எங்களுக்கு ஆள் இருக்கு, போட்டி கூடிப்போகும்.

சரி. லீவு வந்தா லண்டனுக்குப் போவாய். போகாம இருக்கமாட்டாய், படம் எடுத்துப் போடணுமே. அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால நிண்டு படம் பிடிச்ச பிறகு, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போ. உள்ள போக டிக்கட் இல்ல, சும்மாதான். எங்கட சாமானைப் பார்க்க எங்களிட்டயே காசு கேக்க அவங்களுக்கும் வெக்கம் இருக்கும்தானே. அங்க எங்கட ஊர்ப் பொம்பிள ஒருத்தி நிக்கிறா. தாரா எண்டு பேர். வெண்கலத்தில வார்த்துத் தங்கம் பூசின சிலை, உயரம் 143 சென்றிமீற்றர். ஆயிரத்து இருநூறு வருசத்துக்குக் கிட்டப் பழசு. பௌத்தக்காரர்ட தெய்வம். எங்கட மார்க்கத்துக்கும் அவவுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்ல. ஆனா ஒரே ஊர்க்காரி. வெளிநாட்டில ஊர்க்காரியைக் கண்டா சுகம் விசாரிக்காமப் போறது மரியாதை இல்ல.

அவவைக் கண்டெடுத்த இடம் எது எண்டு மியூசியத்துக் கணக்கில எழுதியிருக்கிறது இவ்வளவுதான்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில. பார்த்தியா எழுத்தை? இடையில எண்டா மூதூரும் இடையில, வெருகலும் இடையில, வாகரையும் இடையில. கிண்ணியாவும் இடையிலதான், உன்ட உம்மாட வளவும் இடையிலதான். முதல்ல எனக்குக் கோவம் வந்திச்சு, இவ்வளவு பெரிய பொருளை எடுத்துக்கொண்டு போனவன் இடத்தை ஒழுங்கா எழுதக் கூடாதா எண்டு. பிறகு யோசிச்சுப் பார்த்தன், எழுதாம விட்டது அல்லாஹ்ட கிருபை. இன்ன வளவு, இன்ன வேலி எண்டு எழுதியிருந்தா இண்டைக்கு அந்த வளவில கல்லு நட்டு, எல்லை கீறி, குடியிருக்கிறவனை எழும்பு எண்டு சொல்லியிருப்பாங்கள். வெள்ளைக்காரன்ட சோம்பேறித்தனத்தாலயும் சில குடும்பம் பிழைச்சிருக்கு மகன்.

எடுத்துக் குடுத்த ஆள் கவர்னர் பிரவுன்ரிக். 1815ல கண்டியைப் பிடிச்ச மனிசன். பெரிய இடத்து ஆள், அதால 1830ல மியூசியத்துக்கு ‘அன்பளிப்பு’ எண்டு குடுத்திருக்கார். அன்பு அவருடையது, அளிப்பு எங்களுடையது. வாங்கி வைச்ச மியூசியக்காரன் என்ன செய்தான் தெரியுமா? முப்பது வருசத்துக்குக் கிட்ட ஒருத்தருக்கும் காட்டாமப் பூட்டி வைச்சான். ஏன்? தாரா இடுப்புக்கு மேல சீலை உடுக்கல்ல. சீமைச் சனம் பார்த்தாக் கெட்டுப்போகுமாம். களவெடுக்கக்குள்ள கூசாத கண் காட்டக்குள்ள கூசுது. அடுத்தவன்ட கோழியைப் பிடிச்சிட்டு, அது அறுத்த முறை சரியில்ல எண்டு பேணுதல் பார்த்த மாதிரி.

நீ போய் அவவுக்கு முன்னால நிண்டு ஒரு கேள்வி மட்டும் கேளு. உனக்கு வீசாவுக்கு எத்தனை கடுதாசி கேட்டாங்கள்? வங்கிக் கணக்கு, இங்கிலீசுச் சோதினை, நெஞ்சு எக்ஸ்ரே, திரும்பி வருவியா எண்டு ஆயிரம் விசாரணை. தாராட்ட என்ன கேட்டாங்கள்? ஒண்டும் இல்ல. திரும்பி வரமாட்டாய் எண்டு உறுதி செய்துகொண்டுதான் ஏத்தினாங்கள்.

இப்ப நீ அவங்களிட்டக் கேட்டா ஒரு பதில் சொல்லுவாங்கள், சிரிச்ச முகத்தோட. ‘எங்களிட்ட பத்திரமா இருக்கு.’ அதுதான் நான் சொன்ன சொல். கிரேக்கக்காரன் தன்ட கோயில் சிற்பங்களைக் கேட்டான், பத்திரமா இருக்கு. 2023 நவம்பரில கிரேக்கத்துப் பிரதமர் லண்டனுக்கு வந்து அதைப்பற்றி ரீவியில வாய் திறந்தார் எண்டு, ரிஷி சுனாக் அவரோட இருந்த சந்திப்பையே ரத்துச் செய்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளி ‘அது என்ட அண்டாதானே’ எண்டு கேட்டதுக்காகத் தேத்தண்ணி குடுக்காம அனுப்பின கதை. சட்டம் எண்டும் ஒண்டு சொல்லுவாங்கள், 1963ல போட்டது. மியூசியத்துப் பொருளை வெளியில குடுக்க அந்தச் சட்டம் விடாதாம். பூட்டைப் போட்டதும் தான், துறப்பைக் காணல்ல எண்டு தேடுறதும் தான்.

பத்திரம் எண்டாங்களே, அந்தப் பத்திரத்தைப் பார். 2023 ஓகஸ்ட்ல வெளிச்சத்துக்கு வந்திச்சு. மியூசியத்துக் களஞ்சியத்தில இருந்து தங்க நகையும் கல்லுமா ரெண்டாயிரம் சாமானுக்குக் கிட்டக் காணாமலும் உடைஞ்சும் போயிருக்கு. எடுத்தது எங்கட ஊர்க் கள்ளன் இல்ல, வெளிக் கள்ளனே இல்ல, வீட்டுக்குள்ள இருந்து போனது எண்டு அவங்களே சொன்னாங்கள். கொஞ்சம் இன்டர்நெற்றில ஈபேயில விலைக்கு வந்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சதும் அவங்கள் இல்ல. டென்மார்க்கில இருக்கிற பழம்பொருள் வியாபாரி ஒருவர் 2021லயே எழுதிச் சொன்னார், உங்கட சாமான் சந்தையில ஓடித் திரியுது எண்டு. இவங்கள் என்ன பதில் எழுதினாங்கள்? எல்லாம் கணக்குப்படி இருக்கு எண்டு. பிறகு பார்த்தா அதில கனக்கச் சாமானுக்குக் கணக்கே எழுதியிருக்கல்ல. பணிப்பாளர் ஹார்ட்விக் ஃபிஷர் பதவியை விட்டார்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைச்ச கதை நாங்க கேட்டிருக்கம். இது ஊரெல்லாம் பால் சேர்த்த பூனை, கடைசியில தன்ட சட்டி எத்தனை எண்டும் எண்ணாம விட்ட கதை.

ஆனா நியாயமாப் பேசணும், அவங்கள் கொஞ்சம் இறங்கியும் வந்திருக்காங்கள். 2024ல கானா நாட்டுக்கு, ஒரு காலத்தில படையெடுத்துக் கொண்டுவந்த அசாந்தே ராசாமார்ட தங்கச் சாமானில 32 பொருளை இந்த மியூசியமும் இன்னொரு மியூசியமும் சேர்ந்து அனுப்பி வைச்சது. திருப்பிக் குடுத்தாங்களா எண்டு கேக்காத. மூண்டு வருசத்துக்கு இரவல். உன்ட சட்டையை நான் எடுத்துக்கொண்டு போய், நூற்றைம்பது வருசம் கழிச்சு வந்து, ‘மகன், பெருநாளைக்கு உடுத்திட்டுக் கழுவி மடிச்சுத் தா’ எண்டு உன்னிட்ட நீட்டினா எப்படி இருக்கும்? ஒல்லாந்தன் பரவாயில்ல. கண்டியில எடுத்த பீரங்கியையும் சேர்த்து ஆறு பொருளை 2023ல எங்களுக்கே எங்களுக்கு எண்டு தந்திட்டான். 1765ல எடுத்தது. சுணங்கித்தான் தந்தான், ஆனா இரவல் எண்டு சொல்லல்ல.

இனித்தான் என்ட யோசினையைக் கேளு. இதைப் பெரிய இடத்தில சொல்ல எனக்கு ஆள் இல்ல, நீ சொல்லு.

ஜேன் ஆஸ்டின் எண்டு ஒரு எழுத்தாளர். நீ கையில எடுக்கப்போற பத்துப் பவுண் நோட்டில அவட முகம்தான் இருக்கு, 2017ல இருந்து. 2025 டிசம்பர் 16ஆம் திகதி அவ பிறந்து 250 வருசம் எண்டு சீமை முழுக்கக் கொண்டாட்டம். பழைய காலத்து உடுப்பு உடுத்தி ஆட்டம், பாட்டு, ஊர்வலம். அவட கதை முழுக்க என்ன எண்டு உன்ட தங்கச்சிட்டக் கேட்டன். பொம்பிளப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை தேடுற கதை எண்டாள். சீதனம், காணி, மாப்பிள்ளைட வருமானம், மாமிட வாய். இதை எழுதவா சீமையில பிறக்கணும், கிண்ணியாவில ஒரு மாசம் இருந்தாப் போதாதா எண்டு கேட்டன். அதைக் கேட்டு அவள் சிரிச்சாள், உம்மாக்குக் கோவம்.

அந்த மனிசிட மோதிரம் ஒண்டு, நீலக் கல்லு வைச்சது. 2012ல ஏலத்தில வந்திச்சு. அமெரிக்காப் பாட்டுக்காரி கெல்லி கிளார்க்சன் ஒண்டரை லட்சம் பவுணுக்கு மேல குடுத்து நேர்மையா வாங்கினா. கொண்டு போக விட்டாங்களா? இது எங்கட நாட்டுச் சொத்து, வெளியில போகக் கூடாது எண்டு அரசாங்கம் 2013ல தடுத்து வைச்சது. சனம் காசு சேர்த்து, அதைத் திரும்ப வாங்கி, அவ இருந்த வீட்டு மியூசியத்திலயே வைச்சிட்டுது. பார்த்தியா? காசு குடுத்து வாங்கின சின்ன மோதிரம் நாட்டை விட்டுப் போனா நாடு குறைஞ்சு போகுமாம். 143 சென்றிமீற்றர் தாரா எங்களை விட்டுப் போனதில எங்களுக்கு ஒண்டும் குறையல்லையாம். அந்தத் தடுப்புச் சட்டத்தில ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வா மகன். நல்ல சட்டம். எங்களுக்கு 1830ல தேவைப்பட்டது.

இப்ப விசயம் இதுதான். அந்த ஜேன் ஆஸ்டினுக்கு ஒரு தம்பி. சார்ள்ஸ். கடற்படைக்காரன். இளம் வயசில ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிச்ச காசில ஜேனுக்கும் மற்றத் தாத்தாக்கும் புஷ்பராகக் கல்லில சிலுவை வாங்கிக் குடுத்த பாசக்காரன். பிறகு ரியர் அட்மிரல் ஆகி, இந்தப் பக்கத்துக் கடலுக்கெல்லாம் தளபதியா வந்து, 1852 ஒக்டோபரில பர்மாவில கொலரா வந்து மவுத்தானான். எங்க அடக்கினாங்கள் தெரியுமா? திருகோணமலை டவுன்ல, எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சவக்காலையில. நீ பல தரம் பஸ்ஸில அவருக்கு முன்னாலதான் போயிருக்காய், ஒரு நாளும் சலாம் சொல்லியிருக்கமாட்டாய்.

விளங்குதா? அவங்கட பத்துப் பவுண் தாத்தாட தம்பி 1852ல இருந்து எங்கட கையில. எங்கட தாரா 1830ல இருந்து அவங்கட கையில. ஆளுக்கு ஆள் மாத்துவம். அவங்கள் இது சரிவராது, சட்டம் விடாது எண்டு சொன்னா, நாங்களும் அவங்கட பாஷையிலயே சொல்லுவம்: ‘உங்கட அட்மிரல் எங்களிட்டப் பத்திரமா இருக்கார். இங்க உலகத்துச் சனமெல்லாம் வந்து பார்க்கலாம். டிக்கட்டும் இல்ல. வேணுமெண்டா மூண்டு வருசத்துக்கு இரவல் தாறம்.’

ஆனா ஆள் வைச்சிருக்கிறதில எங்கட கை ராசி சரியில்ல, அதையும் மறைக்கக் கூடாது. 1660ல ஒரு வெள்ளைக்காரன் எங்கட கையில அகப்பட்டான். ரொபர்ட் நொக்ஸ். கப்பல்ட பாய்மரம் புயலில முறிஞ்சு கொட்டியாரக்குடாவில, அந்தா அக்கரையில மூதூரில, ஒதுங்கினான். கண்டி ராசா ரெண்டாம் ராஜசிங்கன்ட ஆக்கள் அப்பனையும் மகனையும் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அப்பன் அங்கேயே மவுத்து. மகன் 19 வருசம் இருந்தான். பூட்டி வைச்சாங்களா? இல்ல. தொப்பி பின்னி வித்தான், நெல்லை வட்டிக்குக் குடுத்து ஒண்டுக்கு ஒண்டரை வாங்கினான். சிறைப்பட்டவனிட்டயே கடன்பட்ட சனம் நாங்கதான். 1679ல ஒரு நாள் சாமான் விக்கப் போறன் எண்டு போனவன் போனவன்தான். 1681ல எங்களைப் பற்றிப் புத்தகமும் போட்டிட்டான். அதை வாசிச்ச ருசியில டானியல் டீஃபோ 1719ல றொபின்சன் குரூசோவை எழுதியிருப்பார் எண்டு படிச்ச ஆக்கள் சொல்றாங்கள். பொருளைக் குடுத்தாப் பூட்டி வைக்கிறது அவன். ஆளைக் குடுத்தாலும் தவற விடுறது நாங்க.

இப்ப நக்கல் எங்கட பக்கம் திரும்புது. ஓடாத, இரு.

சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் நிக்குதே, வெள்ளைக்காரன் கட்டினது. குண்டு போட்ட அண்டைக்கு ஜப்பான்காரன் ஒண்டை எரிச்சிட்டுப் போனான். இண்டைக்கு மிச்சம் 99. வெள்ளைக்காரன் போய் எத்தனை வருசம்? அந்த 99ஐயும் வைச்சு நாங்க செய்த வேலை கூட்டல் கழித்தல். 2022ல செய்த ஒப்பந்தத்தில இந்தியன் ஒயிலுக்கு 14, எங்கட கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டு பேருக்கும் பங்கா 61. கூட்டிப் பார், 99 சரியா வரும். கணக்கு எங்களுக்குப் பிழைக்காது. மரம் மட்டும் தாங்கிக்குள்ளால வளர்ந்திட்டுது.

நாங்க எல்லாத்தையும் ‘எங்கட’ எண்டு சொல்லுவம். எங்கட கோட்டை, எங்கட துறைமுகம், எங்கட குளம், எங்கட பாலம். அந்த ‘எங்கட’க்கு எண்ணெய் பூசுறது ஆர், ஆணி இறுக்குறது ஆர் எண்டு கேட்டா வானத்தைப் பார்ப்பம். அவன் எங்கட சாமானைத் தன்ட எண்டு சொல்றான், ஆனா துடைச்சு வைக்கிறான். நாங்க எங்கட சாமானை எங்கட எண்டு சொல்றம், துடைக்கிறதில்ல. ரெண்டில எது பாவம் கூட எண்டு மறுமையில கேப்பாங்கள். அண்டைக்கு ரெண்டு பேரும் ஒரே வரிசையிலதான் நிப்பம்.

மார்க்கம் எங்களுக்கு ஒரு சொல் தந்திருக்கு. அமானிதம். நம்பித் தந்த பொருள். பத்திரம் வேற, அமானிதம் வேற. பத்திரமா வைக்கிறவன் பொருளைப் பார்ப்பான். அமானிதமா வைக்கிறவன் தந்தவன்ட முகத்தைப் பார்ப்பான். வெள்ளைக்காரனுக்குப் பத்திரம் தெரியும், அமானிதம் தெரியாது. எங்களுக்கு அமானிதம் எண்ட சொல் நல்லாத் தெரியும், ஜும்ஆவில கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போச்சு.

2021 நவம்பர் 23. உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. பாலம் திருத்துறாங்கள் எண்டு, அதுக்குப் பதிலா ஆத்தில ஆள் ஏத்திற படகுப் பாதை விட்டாங்கள். காலையில பள்ளிக்கூடம் போற நேரம். வெள்ளைச் சட்டை, புத்தகப் பை, உம்மா கட்டிக் குடுத்த சாப்பாடு. பாதை பிரண்டுது. ஆழமான கடலில இல்ல மகன், நீயும் நானும் நீந்திப் பழகின இந்தத் தண்ணியில. அண்டைக்கு இந்த வாங்கில இருந்தவன் ஒருத்தனும் அமானிதம் பற்றிப் பேசல்ல. பேச எங்களுக்கு முகம் இருக்கல்ல. அந்தப் பாதையில ஏத்திவிட்ட பிள்ளைகள்தான் எங்களுக்குத் தந்த அமானிதம். தாராவைக் கேக்கிற வாய்க்கு முதல்ல இதுக்குப் பதில் வரணும்.

தேத்தண்ணியைக் குடி. ஆறிப்போச்சு.

இதுக்குத்தான் அந்தக் கப்பலை மனசில வைச்சிரு எண்டு சொன்னன். நீ ஹார்ட்டில்பூலுக்குப் போய் ‘திருகோணமலை’யில ஏறி நிண்டு படம் எடு, வேணாம் எண்டு சொல்லல்ல. பீரங்கியைத் தொட்டுப் பார். பிறகு அங்க வேலை செய்யிற வயசான மேத்திரி ஒருத்தனைத் தேடிப் பிடி. இந்தக் கப்பல்ட பேருள்ள ஊரில இருந்து வாறன் எண்டு சொல்லு, சந்தோசப்படுவான். சந்தோசப்படக்குள்ளயே கேளு: பலகையை எத்தனை நாளைக்கு ஒருக்காத் தட்டிப் பாக்கிறீங்க? இத்துப்போன பலகையைச் சத்தத்தில எப்படி அறிவீங்க? எத்தனை பேருக்கு மேல ஏத்தக் கூடாது எண்டு தீர்மானிக்கிறது ஆர்? ஏத்தாத எண்டு அவன் சொன்னா மேயரும் கேப்பாரா? அதை எழுதுற கொப்பி எங்க இருக்கு? அந்தக் கொப்பியில ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு வா. இனி ஓடாத கப்பலுக்கே அவங்களிட்ட ஒரு கொப்பி இருக்கும். ஆள் ஏத்தி ஓடுற எங்கட பாதைகளுக்குக் கொப்பி இருந்ததா எண்டு எனக்குத் தெரியாது. இருந்திருந்தா அதை இண்டைக்கு எந்த மியூசியத்திலயும் வைக்கலாம்.

சென்ற் வேணாம், சொக்கலட் வேணாம், வெள்ளைக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் உன்ட உம்மா ஒரு மாசத்தில இடியப்பம் பிழிய வைச்சிடுவாள், அது அவட பாடு. எனக்கு அந்தக் கொப்பிப் பக்கம் போதும்.

லண்டனில தாராவைக் கண்டா என்ட சலாத்தைச் சொல்லு. ஊரில எல்லாரும் சுகம், வளவு இன்னும் எங்கட பேரிலதான் இருக்கு எண்டு சொல்லு. இப்போதைக்கு வர அவசரப்பட வேணாம் எண்டும் சொல்லு. வந்து இறங்கினா அக்கரைக்குக் கூட்டிப்போக நம்பிக்கையான ஒரு வழியை நாங்க முதல்ல செய்து வைக்கணும்.

எழும்பு. வான் வந்திட்டுது. அந்தத் தயிர்ச் சட்டியை இங்க வை, நான் பத்திரமாப் பார்த்துக்கொள்ளுறன். என்ன பார்வை அது? திரும்பி வரக்குள்ள சட்டி கட்டாயம் இருக்கும்.